பத்தொன்பது நிமிடம்

நான் கொழும்புக்குக் கராத்தே பழகப் போகிறேன் என்றுதான் என் அம்மா இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார். பயிற்சியின் பெயரில் கறுப்புப் பட்டி என்று வருவதால் வந்த குழப்பம் அது. அங்கே யாரும் கை காலை நீட்டுவதில்லை என்று இரண்டு தரம் விளக்கினேன். ஒரு வேலை எத்தனை படிகளில் நடக்கிறது, அதில் எந்தப் படி வீண், அதை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும் என்று அளந்து பார்க்கிற படிப்பு என்றேன். அம்மா தலையை ஆட்டிவிட்டு, "சரி மனே, அடிகிடி பட்டிராம வா" என்றார். நேற்று என் பயணப் பைக்குள் நோவெண்ணெய்ப் போத்தல் ஒன்றும் வைத்திருக்கிறார்.

ஐயா, அந்தப் பயிற்சி திங்கட்கிழமை தொடங்குகிறது. ஐந்து நாள். அதற்கு நான் எப்படித் தயாரானேன் என்பதைத்தான் இதில் எழுதுகிறேன். மார்கழி மாதம் தொழில் அலுவலராக நீங்கள் எங்கள் நிலையத்துக்கு விசாரணைக்கு வந்தபோதே இதைச் சொல்லியிருக்க வேண்டும். அன்று நீங்கள் கேட்ட எல்லாக் கேள்விகளுக்கும் நான் பதில் சொன்னேன். அதனால் உங்கள் அறிக்கையில் நான் முழுமையாக ஒத்துழைத்ததாக எழுதியிருந்தீர்கள். அந்த வரியை வாசித்த நாளிலிருந்து என் பெயரை எங்கே கண்டாலும் பார்வையை எடுத்துவிடுகிறேன்.

உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் ஒழுங்காகச் சொல்கிறேன். நான் விதுஷன், அமிர்தகழிக்காரன். எழுவான்கரையில், வாவியோரத்தில் இருக்கும் அந்த நண்டு பதனிடும் நிலையத்தில் உற்பத்தி அலுவலர். வாவிக்கு அப்பால் படுவான்கரையிலிருந்து இருபத்திரண்டு பெண்கள் வேலைக்கு வருகிறார்கள். அவித்த நண்டின் ஓட்டை உடைத்துச் சதையெடுப்பது அவர்கள் வேலை. நிலையத்தின் இயந்திரப் படகு காலையில் அவர்களை ஏற்றிவரும், மாலையில் கொண்டுபோய் விடும். அப்படி விட்டுவிட்டுத் திரும்பும்போது, அந்தக் கரை மீனவர்கள் பிடித்து வைத்திருக்கும் உயிர் நண்டுகளைக் கூடை கூடையாக ஏற்றிவரும். படகு பாக்கியராசா அண்ணனின் பொறுப்பில் இருந்தது.

பயிற்சிக்கு விண்ணப்பிப்பவர் தன் வேலையிடத்தில் ஒரு மேம்பாட்டைச் செய்துகாட்ட வேண்டும். விடாமல் முப்பது வேலைநாள் அளவெடுத்து, அட்டவணையும் வரைபடமும் முகாமையாளரின் கையெழுத்தும் இணைக்க வேண்டும். கிழக்கில் எங்கள் தொழிலில் இந்தப் பட்டி வாங்கியவர் யாரும் எனக்குத் தெரிந்து இல்லை. நான் காலை நாலரைக்கு எழும்பிப் படித்தேன். வீண்வேலை எட்டு வகை. எட்டையும் எட்டு அட்டைகளில் எழுதி, பல் விளக்கும்போது கண்ணாடியில் செருகி வைத்துப் பாடமாக்கினேன். அம்மா தேநீர் போடுவதைக்கூட நிறுத்தற்கடிகாரம் வைத்து அளந்திருக்கிறேன். சீனிப் போத்தலை அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தால் நாற்பது செக்கன் மிச்சம் என்று சொன்னபோது, "அந்த நாப்பது செக்கனையும் எங்க கொண்டு வெக்கிற?" என்று கேட்டார். நான் சிரித்தேன்.

அட்டைகளில் நாலாவது, காத்திருத்தல்.

நண்டு உயிரோடு வந்தால்தான் அதை அவிக்கலாம். வழியில் செத்துப்போனால் கழிவு. எங்களுக்கு நூற்றுக்கு ஒன்பது செத்து வந்துகொண்டிருந்தது. காரணத்தைத் தேடிப் போனேன். அந்தக் கரையில் கூடைகள் நனைந்த சாக்குக்குக் கீழே படகை எதிர்பார்த்துக் கிடந்தன. படகோ எங்கள் படகுத்துறையில் பெண்களை எதிர்பார்த்து நின்றது. ஐந்து பத்துக்குப் புறப்பட வேண்டிய படகு சராசரியாகப் பத்தொன்பது நிமிடம் பிந்தியது. அந்த எண்ணைக் கண்டுபிடித்த அன்று, சொல்ல வெட்கமாக இருக்கிறது, மாமாங்கேஸ்வரர் கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்தேன்.

பத்தொன்பது நிமிடமும் எதில் போகிறது என்று பார்க்க, கடிகாரத்தோடு ஒரு கிழமை துறையில் நின்றேன். ஒருத்தி நண்டின் வெடில் மணம் கையை விட்டுப் போகவில்லை என்று மறுகாவும் தேசிக்காய் போட்டுக் கை கழுவுவாள். ஒருத்தி வெட்டுப்பட்ட விரலுக்குச் சீலை சுற்றுவாள். இவ்வளவும் முடிந்து எல்லோரும் ஏறியபிறகு பாக்கியராசா அண்ணனின் வேலை தொடங்கும். அவர் ஆட்களை எண்ணுவதில்லை. படகில் ஒவ்வொரு பெண்ணுக்கும் நிரந்தரமாக ஓர் இடம் இருந்தது. தன் பக்கத்து ஆளுக்கு அவள் பொறுப்பு. அவர் பின்னால் நின்றுகொண்டு ஒவ்வொருவராகக் கேட்பார். "பக்கத்து ஆள் வந்திட்டாவா?" "ஓம், இரிக்கா." "பக்கத்து ஆள்?" "வந்திட்டா அண்ணன், ஆனா இண்டைக்கு ஆரோடயும் கதைக்கமாட்டாவாம்." "ஏன்கா, மாமியாரோட கொழுவலா?" ஒரு சிரிப்பு எழும்பி அடங்கும். இப்படி இருபத்திரண்டு பேர். ஒருத்தி வரவில்லையென்றால் அவள் பக்கத்து ஆள் இறங்கிப்போய்க் கூட்டி வருவாள். அதுவரை படகு அசையாது.

எண்ணினால் அரை நிமிடத்தில் முடிந்துவிடும் அண்ணன் என்று சொன்னேன்.

"நண்ட எண்ணலாம் தம்பி," என்றார். "மனிசர எண்ணப்படாது."

நான் அதை மூடநம்பிக்கை என்று குறித்துக்கொண்டேன். இன்றைக்கும் எண்ணுவதால் யாருக்கும் கேடு வரும் என்று நான் நம்பவில்லை. ஆனால் அவருடைய கேள்வி யாரையும் எண்ணவில்லை, ஒவ்வொருத்தியையும் இன்னொருத்தியிடம் ஒப்படைத்தது. அது எனக்குப் பிந்தித்தான் விளங்கியது.

புதிய முறை எளிமையானது. பெண்கள் வாயிற்கதவில் நேரத்தோடு கையெழுத்து வைக்க வேண்டும். காவலாளி அந்தத் தாளைப் படகில் கொடுப்பார். தாளில் இருபத்திரண்டு இருந்தால் ஐந்து பத்துக்குப் படகு புறப்படும். கேள்வி கிடையாது. அண்ணன் ஒரே ஒரு தடவைதான் மறுத்துப் பேசினார். "கேற்றில கையெழுத்து வெச்சா படகில ஏறினதாகுமா தம்பி?" ஆகும் அண்ணன், இடையில் எழுபது மீற்றர்தான் என்றேன். இந்த ஒழுங்கைத் தட்டச்சு செய்து, கையொப்பமிட்டு, துறையில் அறிவிப்பாக ஒட்டியவன் நான். அப்படி ஒரு அறிவிப்பு இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை என்று உங்களிடம் சொன்னேன்.

முதல் கிழமையிலேயே செத்த நண்டு ஏழுக்கு இறங்கியது. இருபதாம் நாள் ஐந்து. பெண்கள் கை கழுவுவதைக் குறைத்துக்கொண்டு ஓடி வந்தார்கள். அவர்களைப் பார்க்க எனக்குப் பெருமையாக இருந்தது. விதியில் ஒரு வரி உண்டு. முப்பது நாளில் ஒரு நாள் இலக்குத் தவறினாலும் தொடர் முறிந்துவிடும், முதலிலிருந்து தொடங்க வேண்டும். விண்ணப்ப முடிவுத் திகதிக்கு முன் அதற்கு நேரம் இருக்கவில்லை.

முப்பதாம் நாள் கார்த்திகை மாதத்து வியாழக்கிழமை.

கலாஜினி பழுகாமத்துப் பக்கம், படகில் சின்னத்தங்கம் என்ற பெண்ணின் பக்கத்து ஆள். இருபத்தெட்டு வயது. கணவர் பிரிந்து போய்விட்டார், நாலு வயதில் ஒரு மகள். அந்தப் பிள்ளை மாலையில் படகுச் சத்தம் கேட்டால் கரைக்கு ஓடிவந்து நிற்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். அன்று எடுத்த சதையின் நிறுவை பிந்தியது. கலாஜினி ஐந்து ஆறுக்குக் கையெழுத்து வைத்துவிட்டுத் துறைக்கு நடந்தார். பாதி வழியில் நின்று, திரும்பி உள்ளே ஓடினார்.

எதற்கு என்று நீங்கள் கேட்டபோது தெரியாது என்றேன். எனக்குத் தெரியும், ஐயா. எங்கள் நிலையத்தில் நிலம் கழுவுகிற ஹவ்வா உம்மா காத்தான்குடியிலிருந்து வருகிறவர். திங்களும் வியாழனும் நோன்பு பிடிப்பார். இரவு ஏழு மணி வரை அவருக்கு வேலை. நோன்பு திறக்க அவருக்குச் சுடுதண்ணீரும் கஞ்சியும் போத்தலில் ஊற்றி, அவர் பாய்க்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவது கலாஜினியின் வழக்கம். ஹவ்வா உம்மாவுக்கு முன்பு நண்டு ஓடு வெட்டிய கை, சூடான பானையைத் தூக்க முடியாது. யாரும் சொல்லி வந்த வழக்கம் இல்லை. அன்று நிறுவையின் அவசரத்தில் மறந்துவிட்டார், ஞாபகம் வந்ததும் திரும்பினார். இரண்டு நிமிட வேலை. பழைய பத்தொன்பது நிமிடத்துக்குள் இந்த இரண்டு நிமிடமும் இருந்திருக்கிறது. அதை அளந்தவன் நான்தான். எதற்கான நிமிடம் என்று கேட்காமல் அளந்தேன்.

ஐந்து பத்துக்கு என் தொலைபேசி அடித்தது. ஒராளை விட்டுப் போக வேண்டாம், நில்லுங்கள் என்று அண்ணனுக்குப் பதில் சொன்னதாக உங்களிடம் சொன்னேன். அவர் சொன்னது இதுதான்: "தம்பி, சின்னத்தங்கத்திட பக்கத்து ஆள் ஏறல்ல. ரெண்டு நிமிசம் நிக்கட்டா?"

தாளில் எத்தனை என்று கேட்டேன்.

"தாளில இருவத்திரெண்டு இரிக்கு. படகில ஒராள் குறையுது."

தாளைப் பாருங்கள் என்றேன். படகை நிறுத்தி வைக்க விருப்பமென்றால் நாளைக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று நான் சொன்னேன். சத்தம் போடவில்லை. வழக்கமான குரலில்தான் சொன்னேன். அவர் கேட்டதைப் படகிலிருந்த பெண்கள் எல்லோரும் கேட்டார்கள். நான் சொன்ன பதிலை அவர் ஒருவர்தான் கேட்டார். அதனால்தான் விசாரணையில் என் சொல் நின்றது, அவர் சொல் விழுந்தது.

படகு கரையை விட்டு விலகியபோது கலாஜினி துறைக்கு ஓடி வந்தார். கூப்பிடு தூரம்தான். கத்தினார், இயந்திரச் சத்தத்தில் அது போய்ச் சேரவில்லை. பிறகு என் அலுவலகப் படியேறி வந்தார். நான் அவரைக் காணவே இல்லை என்று சொல்லியிருந்தேன்.

மூச்சு வாங்கிக்கொண்டு, "சேர், அண்ணனுக்கு ஒருக்காக் கோல் எடுங்க. தூரம் போகல்ல, திரும்பிருவாரு" என்றார்.

இன்றைக்கு மட்டும் பஸ்ஸில் போங்கள் தங்கச்சி என்றேன். பாலத்தைச் சுற்றிப் போகிற கடைசிப் பஸ் ஐந்து மணிக்கே போயிருந்தது. அது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். படகு நண்டேற்றித் திரும்பி வர இருட்டிவிடும். "மகள் கரையில நிப்பாள் சேர்," என்றார். மழை தூறத் தொடங்கியிருந்தது. நான் எழும்பி, மூலையில் சாத்தியிருந்த என் நீலக் குடையை எடுத்துக் கொடுத்தேன். அந்த நேரத்தில் என் மனம் இளகியது. நான் நல்லவன் என்று எனக்கே தோன்றியது. "நாளைக்குக் கொண்டு தாறன் சேர்," என்று சொல்லி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போனார்.

இதற்குப் பிறகு நடந்ததை நான் யாரிடமும் சொன்னதில்லை. மாமாங்கேஸ்வரரிடம்கூடச் சொன்னதில்லை. அவருக்குத் தெரியும் என்பது வேறு.

என் மேசைக்குப் பக்கத்தில் வாவியைப் பார்த்த சன்னல் இருக்கிறது. முப்பதாம் நாளின் புள்ளியை வரைபடத்தில் வைத்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது கலாஜினி துறைக்குக் கீழே நின்றார். மீனவர்கள் கட்டிவிட்டுப் போகிற சின்னத் தோணி ஒன்றின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். வாவிக்கரைப் பெண்களுக்குத் தோணி வலிக்கத் தெரியும். ஆனால் வாடைக்காற்று எழும்பியிருந்தது, நடு வாவி கறுத்துக் கிடந்தது. இதில் போக வேண்டாம் என்று ஒரு சத்தம் போட்டிருந்தால் கேட்டிருக்கும். போட்டிருந்தால், அவரை வீட்டுக்கு அனுப்ப நான்தான் வழி செய்ய வேண்டும். அதற்குப் படகைத் திருப்ப வேண்டும். மழைச் சாரல் வரைபடத்தில் விழுந்தது. நான் சன்னலைச் சாத்தினேன்.

அன்று செத்து வந்த நண்டு நூற்றுக்கு நாலு. முப்பது நாளில் அதுதான் மிகக் குறைந்த எண்.

மறுநாள் காலையில் கண்டல் வேர்களுக்கிடையில் கவிழாமல், பாதி தண்ணீரோடு தோணியைக் கண்டார்கள். கலாஜினியை மத்தியானம் கண்டெடுத்தார்கள். தோணியின் குறுக்குப் பலகைக்குக் கீழே ஒரு நீலக் குடை இருந்தது. விரிக்கவே இல்லை. மடித்து, பட்டி சுற்றி, நனையாதபடி ஒரு பொலித்தீன் பைக்குள் வைத்திருந்தார். திருப்பித் தர வேண்டிய பொருள் என்று அப்படி வைத்திருக்கிறார். அது யாருடைய குடை என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

நீங்கள் வருவதற்கு முன் நான் மூன்று காரியம் செய்தேன். துறையில் இருந்த அறிவிப்பைக் கிழித்தேன், வேலைக்குப் பயந்து பெண்கள் அதைப்பற்றி வாய் திறக்கவில்லை. ஏறிய பிறகு ஆட்களைச் சரிபார்க்க வேண்டும் என்று படகோட்டிக்கு வாய்மொழியாகச் சொல்லியிருந்ததாக ஒரு குறிப்பை, பழைய திகதி போட்டு எழுதினேன். ஐந்து ஆறுக்கு அவர் வைத்த கையெழுத்தைக் காட்டி, வேலை முடிந்து வெளியேறியபின் அவர் தன் விருப்பத்தில் பிறர் தோணியை எடுத்துப் போனதாகச் சொன்னேன். அதனால் அந்தப் பிள்ளைக்கு நட்டஈடு இல்லையென்று ஆனது. பாக்கியராசா அண்ணன் கவனக்குறைவுக்காக வேலையிலிருந்து நீக்கப்பட்டார். அவருடைய முறையை எடுத்துவிட்டேன், பிறகு அந்த முறையைச் செய்யவில்லை என்று அவர்மேலேயே பழி போட்டேன். இதை எழுதும்போது கை நடுங்குகிறது என்று சொன்னால் நம்புவீர்களோ தெரியாது. எழுத்து நேராகத்தான் வருகிறது.

என் விண்ணப்பம் தெரிவானது. செய்திட்டத்தைப் பாராட்டி எழுதியிருந்தார்கள். நோக்கம் தெளிவு, தரவு முழுமை. உண்மைதான். அந்த அட்டவணையில் நண்டுக்கு மட்டும்தான் நிரல் இருந்தது.

போன மாதம் ஆடி அமாவாசைக்கு மாமாங்கத் தீர்த்தக்குளத்துக்கு என் அப்பாவுக்குப் பிதிர்க்கடன் கழிக்கப் போனேன். படிக்கட்டில் வரிசை நீளம். எனக்கு முன்னால் நின்றவர் திரும்பினார். பாக்கியராசா அண்ணன். மெலிந்திருந்தார். இப்போது கரடியனாற்றில் ஒருவருடைய வயலில் கூலிக்குப் போகிறாராம். விசாரணையில் நேருக்கு நேர் நின்று நான் பொய் சொன்ன மனிதர். நான் பின்வாங்கப் பார்த்தேன்.

"அம்மா சுகமா தம்பி?" என்று கேட்டார்.

சுகம் என்றேன்.

"வேலைக்குப் போகணுமா?"

ஓம் என்றேன்.

"அப்ப முன்னுக்குப் போங்க. எனக்கு அவசரமில்ல, நான் நிண்டு வாறன்."

அவர் ஒதுங்கி இடம் விட்டார். அதில் குத்தல் இல்லை, ஐயா. இருந்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். நான் அவருக்கு முன்னால் போனேன். குளத்தில் மூழ்கி எழுந்தபோது அப்பாவின் பெயர் எனக்கு ஞாபகம் வரவில்லை.

அன்றுதான் இதை எழுதுவது என்று முடிவெடுத்தேன். ஆகவே தெளிவாக எழுதுகிறேன். கலாஜினி இறந்ததற்குக் காரணம் நான். படகை எடுக்கச் சொன்னது நான். திருப்ப மறுத்தது நான். அவர் தோணி அவிழ்ப்பதைப் பார்த்துச் சன்னலைச் சாத்தியதும் நான். பாக்கியராசா அண்ணன் சொன்னது முழுதும் உண்மை. அவருடைய மேன்முறையீடு வரும் புதன்கிழமை காலை எடுக்கப்படுகிறது என்றும், அதோடு அந்தப் பிள்ளையின் நட்டஈட்டுக் கோரிக்கையும் முடிவாகும் என்றும் அறிவேன்.

இந்தக் கடிதத்தை வெள்ளிக்கிழமை மாலை, சான்றிதழ் கையில் கிடைத்தபிறகு, கொழும்பிலிருந்து பதிவுத் தபாலில் அனுப்புவேன். முந்தி அனுப்பினால் பயிற்சியிலிருந்து என்னை எடுத்துவிடுவார்கள். அதனால் யாருக்கும் நன்மை இல்லை. பட்டியோடு திரும்பி வந்தால் துறையில் பாதுகாப்பு முறை ஒன்றை நான் முதல் வேலையாகக் கொண்டுவரலாம். கலாஜினியின் பெயரையே அதற்கு வைக்க எண்ணியிருக்கிறேன். புதன்கிழமைக்கு இது உதவாது என்பது எனக்கும் வருத்தம்தான். ஆனால் மனுவை மறுபடியும் திறக்க வழி இருக்கும் என்று கேள்விப்பட்டேன். சில மாதங்கள் செல்லலாம்.

பாக்கியராசா அண்ணன் அதுவரை காத்திருப்பார். அவருக்குத்தான் அவசரமில்லையே.